ஊசி வைக்க ஓர் இடம்

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளை என் வயிற்றில்தான் சுமந்தேன். இரண்டு வயது வரை நானே பாலூட்டினேன். ஆனால் அவள் உருவான கருமுட்டை என்னுடையது அல்ல. பெயரும் முகமும் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் உடலிலிருந்து அது எடுக்கப்பட்டது. இதை மகளுக்கு நான்கு வயதானபோதே, அவளுக்கு எட்டும் சொற்களில் சொல்லிவிட்டோம். வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். ஆகவே மறைக்க வேண்டும் என்பதற்காக இத்தனை நாள் இதை எழுதாமல் இருக்கவில்லை. குழந்தைக்காக நான் பட்ட பாட்டை எழுதினால் ஆறுதல் சொல்லப் பலர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்காக இன்னொரு பெண் பட்ட பாட்டை அதே மூச்சில் சொல்லாமல் விட்டால் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்ற எண்ணம்தான் என் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஊசி தொடங்கும். ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு நாட்களுக்கு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் வலப்பக்கம் என்றால் மறுநாள் இடப்பக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இயல்பாக மாதத்துக்கு ஒன்று முதிரும் கருமுட்டையைப் பத்தாகவும் பதினைந்தாகவும் முதிர வைப்பதற்கான ஹார்மோன் அது. இடையிடையே ஸ்கேன் எடுப்பார்கள். முட்டைப் பைகள் போதிய அளவு வளர்ந்ததும், முட்டைகளைக் கடைசியாக முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி. அதைக் குறித்த மணிக்குச் சரியாகப் போட வேண்டும், ஏனென்றால் அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் துணையோடு, பிறப்புறுப்பின் சுவர் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். நான் இதை மூன்று முறை செய்தேன். மூன்றாம் முறை எடுத்தபோது எனக்கு வயது முப்பத்தொன்பது.

அந்த மூன்றாம் முறையில்தான், ஸ்கேன் அறைக்கு வெளியே, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். என்னைப்போலவே காலி நாற்காலிகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அதையே நானும் கேட்டேன்.

"எத்தனையாவது தடவை?"

"மூணாவது, அக்கா."

"எனக்கும் மூணாவதுதான். கவலைப்படாதம்மா, இந்தத் தடவை நல்லபடியா நடக்கும்" என்று அவர் கையைத் தொட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, என் ஆறுதலைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதைப்போல மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க அக்கா. நான் குடுக்க வந்திருக்கேன்."

மூத்தவளை விடுதியுள்ள பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டும் என்றார். அவர் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தன் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, தாங்களே கதவைத் திறந்துகொண்டு, அவர் வரும்வரை உள்ளே தாழிட்டுக்கொண்டு இருப்பார்கள் என்றார். ஊசி போட்ட இடம் கன்றிப்போகிறதா என்று நான் கேட்டதற்குச் சேலையைச் சிறிது விலக்கிக் காட்டினார். என் வயிற்றில் இருந்த அதே ஊதா நிற வட்டங்கள், அதே இடைவெளியில். போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பனிக்கட்டியை வைத்தால் அவ்வளவாக வலிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

நான்தான் யோசிக்காமல் கேட்டேன், பனிக்கட்டி வீட்டில் இருக்கிறதா என்று. அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அந்த ஊசி மருந்தைக் குளிரில்தான் வைக்க வேண்டும். அதனால் தான் வேலை செய்யும் வீட்டின் ஃபிரிட்ஜில், கதவுப் பக்கத்துத் தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். "எங்கம்மாவுக்குச் சர்க்கரை ஊசின்னு சொல்லியிருக்கேன். சாயங்காலம் பாத்திரம் கழுவிட்டு, அங்கேயே பாத்ரூம்ல போட்டுக்குவேன்." முட்டை எடுத்த மறுநாளே வேலைக்குப் போய்விடுவாராம், இரண்டு நாள் வராவிட்டால் அந்த வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வரும். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எனக்கு அந்த முறை கிடைத்தவை நான்கு முட்டைகள். கருவானது ஒன்று, அதுவும் நிற்கவில்லை. அந்த நான்கை எடுத்ததற்கு நான் அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இளம் வயதுப் பெண்களுக்கு இதே மருந்தில் இருபதுக்கும் மேல்கூட முதிரலாம். முட்டை அதிகமாக முதிரும் உடலில்தான் சினைப்பை அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, அரிதாக இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் அதிகம் வருகிறது. ஆகவே அந்தக் கூடத்தில் எங்கள் இருவரில் ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கு ஓய்வு குறைவு. இதை அன்று நான் கணக்குப் பார்க்கவில்லை. வீட்டில் படுத்திருந்த ஏழாம் நாள்தான், பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஒரு குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும் அவருடைய உருவம் கண்முன் வந்து, அதன்பிறகு போகவே இல்லை.

அடுத்த மாதம் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, கனிவோடுதான் சொன்னார்: உங்கள் கருப்பையில் குறையில்லை, முட்டைக்கு வயதாகிவிட்டது, டோனர் முட்டை வைத்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அது உண்மை. பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகளோடு பிறக்கிறது. அப்போது பத்து முதல் இருபது லட்சம் வரை இருப்பவை, பருவமடையும்போது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. நாற்பதை நெருங்கும்போது எண்ணிக்கையும் குறைகிறது, இருப்பவற்றின் தரமும் குறைகிறது. கருப்பைக்கு அப்படி வயதாவதில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது வயதுப் பெண்ணின் கருப்பையில் நன்றாகவே வளரும்.

இதை மருத்துவ உண்மையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. என் இருபதுகளைப் படிப்புக்கும் வேலைக்கும் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் படிப்புதான் என்னை அந்த மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்த பணத்தையும் தைரியத்தையும் தந்தது. அந்தப் பெண் தன் இருபதுகளை, வேறு வழி திறக்காததால், கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கொடுத்தார். என் இருபதுகளை விற்று நான் சம்பாதித்த பணத்தால், என் முப்பதுகளின் கடைசியில், அவரைப் போன்ற ஒருவரின் இருபதுகளை நான் வாங்கப் போகிறேன். அவரோ அந்தப் பணத்தைத் தன் மகளின் படிப்புக்குப் போடப் போகிறார், அவளுடைய இருபதுகள் என்னுடையதைப்போல இருக்க வேண்டும் என்பதற்காக. இருவர் செய்வதும் பிள்ளைக்காகத்தான். ஒருத்தி இன்னும் பிறக்காத பிள்ளைக்காக, இன்னொருத்தி பிறந்துவிட்ட பிள்ளைக்காக.

ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் உயரம், இரத்த வகை, தோலின் நிறம், கண்ணின் நிறம், படிப்பு என்று கட்டங்கள். நாங்கள் நிரப்ப வேண்டியது எங்கள் விருப்பத்தை. "நல்ல குடும்பத்துப் பொண்ணாத்தான் பார்ப்போம், பயப்படாதீங்க" என்று ஒருங்கிணைப்பாளர் தாமாகவே சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அந்தக் கேட்காமைதான். நான் வாய் திறக்காததற்குக் காரணம், திறந்தால் ஒரு பதில் வரும், வந்தால் கையெழுத்துப் போட முடியாமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன். வேண்டிய அளவு படித்தவள், நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவள், அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு மகள் பிறந்து, இரவில் அவளுக்குப் பாலூட்டிக்கொண்டு விழித்திருந்த மாதங்களில், இது புதிதாக வந்த ஒன்றா என்று தேடித்தேடிப் படித்தேன். சோதனைக்குழாய்க் குழந்தை 1978-இல்தான் வந்தது. ஆனால் ஒருத்தியின் உடலை இன்னொருத்தியின் தாய்மைக்குக் கொடுப்பது மிகப் பழையது. பாரிஸில் ஆண்டுதோறும் பிறக்கும் சுமார் 21,000 குழந்தைகளில் பெற்றவளிடமே பால் குடிப்பவை 1,000 அளவே என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் லெனுவார் 1780-இல் எழுதினார். செல்வர்கள் பாலூட்டும் பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தாமே உழைத்தால்தான் பிழைப்பு என்றிருந்த கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் குழந்தையைத் தொலைதூரக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் திரும்பி வராதவை மிகப் பல. ஆகவே இதைச் சீமாட்டிகளின் சோம்பல் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

என்னை நிறுத்திய செய்தி வேறு. 1874 டிசம்பரில் பிரான்சு இயற்றிய ரூசெல் சட்டம், பாலூட்டும் வேலைக்குச் சேர விரும்பும் பெண் ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும் என்றது: தன் கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது, அல்லது நிறையவில்லையென்றால் வேறொரு பெண் அதற்குப் பால் கொடுக்கிறாள் என்று. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு, அதற்கு முன்பு அந்த வேலைக்குப் போன பெண்களின் சொந்தக் கைக்குழந்தைகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அந்த ஒரு வரியே சொல்கிறது. நம் பழைய அகப்பாடல் மரபில் செவிலித்தாய் வருகிறாள், அவளுடைய மகளே தலைவிக்குத் தோழி என்பது இலக்கணம். பள்ளியில் அதைப் படித்தபோது இனிமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால், செவிலியின் பாலை முதலில் குடித்தது இருவரில் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று, 'பேபி எம்' வழக்கு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேரி பெத் வைட்ஹெட் என்ற பெண் வேறொரு தம்பதிக்காகத் தன் சொந்தக் கருமுட்டையில் கருவுற்று, 1986-இல் பெண் குழந்தையைப் பெற்றார். பெற்றபின் பிரிய முடியாமல், பணம் வேண்டாம் என்று சொல்லி, குழந்தையோடு வேறு மாநிலத்துக்கே ஓடினார். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், கணவர் குப்பை அள்ளும் வேலை பார்த்தவர். எதிர்த் தரப்பில் கணவர் உயிர்வேதியியலாளர், மனைவி குழந்தை மருத்துவர். தமக்கிருந்த நரம்பு நோயால் கருவுறுவது ஆபத்தாகலாம் என்று அஞ்சியவர் அந்த மனைவி, அவருடைய வலியும் பொய்யல்ல. ஆனால் நீதிமன்றத்தில் எது எடைபோடப்பட்டது என்று பாருங்கள். கைதட்டி விளையாடும் விளையாட்டில் வைட்ஹெட் குழந்தைக்குச் சரியான மறுமொழி சொல்லவில்லை என்றும், தவறான பொம்மையைக் கொடுத்தார் என்றும் வல்லுநர் ஒருவர் சாட்சி சொன்னார். அதைக் கேட்டுக் கொதித்து, அறியப்பட்ட பெண்கள் 121 பேர், இந்த அளவுகோல்படி நாம் எல்லோருமே தகுதியற்ற தாய்கள்தான் என்று 1987-இல் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் அந்த ஒப்பந்தமே செல்லாது என்றது. குழந்தை அதன் தந்தையான அந்த உயிர்வேதியியலாளரின் வீட்டிலேயே வளரட்டும், பெற்றவள் வந்து பார்க்கலாம் என்றது. வறுமையைத் தகுதிக் குறைவாக மாற்றிச் சொல்ல ஒரு நல்ல சட்டையும் நாலு கலைச்சொல்லும் போதும் என்று அந்த வழக்கைப் படித்தபோது எண்ணினேன். நானும் ஒரு பூங்காவில், பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஓரமாகத் தூங்கிப்போன ஒரு தாயை மனத்துக்குள் குறை சொல்லியிருக்கிறேன். அவர் எத்தனை மணிக்கு எழுந்தவர் என்று யோசிக்கவில்லை.

சட்டங்கள் இப்போது இறுகிவிட்டன. கனடா 2004-இலேயே கருமுட்டைக்கும் வாடகைத் தாய்மைக்கும் பணம் கொடுப்பதைத் தடைசெய்து, செலவை மட்டும் ஈடுசெய்யலாம் என்றது. இந்தியாவில் 2021-இல் வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று, கருமுட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்கிறது. மற்றொன்று, கைம்மாறு கருதாத வாடகைத் தாய்மையை மட்டும் அனுமதிக்கிறது. வாடகையைத் தடைசெய்த பிறகும் செய்திகளில் அந்தப் பெண்ணுக்கு 'வாடகைத் தாய்' என்ற பெயர் அப்படியே நிற்கிறது.

எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதும் நல்லவை என்றே நம்புகிறேன். 'மூணாவது, அக்கா' என்ற குரல் என் காதில் இருக்கும்வரை அதை வேறு விதமாக நினைக்க என்னால் முடியாது. ஆனால் பணம் கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் மருத்துவர், கருவியலாளர், மயக்க மருந்து கொடுப்பவர், ஊசி விற்ற நிறுவனம், தாளை நிரப்பச் சொன்ன ஒருங்கிணைப்பாளர் என்று எல்லோருக்கும் ஊதியம் உண்டு. அன்பால் மட்டுமே செய்ய வேண்டியவள் ஊசி குத்திக்கொண்ட பெண் ஒருத்திதான் என்றால், அது அவளைக் காப்பாற்றும் சட்டமாக எனக்குத் தெரியவில்லை. பணம் மறைவாகக் கைமாறும், இடைத்தரகர் பங்கு பெருகும், ஆபத்து நேர்ந்தால் அவளால் வாய் திறக்க முடியாது. 'தானம்' என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. தானம் கொடுப்பவர் கை மேலே இருக்கும், வாங்குபவர் கை கீழே இருக்கும் என்பதுதானே நம் வழக்கு. எங்கள் விஷயத்தில் இருந்தவள் வாங்கினேன், இல்லாதவர் கொடுத்தார். அதற்குத் தானம் என்று பெயர் வைத்து அவரை உயரத்தில் உட்கார்த்தியபின், கூலியைப் பற்றி அவர் பேசுவதே அழகில்லை என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் நான் செய்தது தவறா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் மகளைப் பார்த்துக்கொண்டு அதற்குத் தவறு என்று சொல்ல என் நாக்கு எழாது. சரி என்று சொல்லவும் எழவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: முட்டை கொடுத்தவர் எத்தனை நாள் ஓய்வெடுத்தார், அவருக்கு என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், பின்விளைவு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்க எனக்கு அன்று முழு உரிமை இருந்தது, பணம் கட்டியவள் நான். கேட்கவில்லை. இப்போது இதே வழியில் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், எந்த மருத்துவமனை என்பதற்கு முன் இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

என் மகள் உருவான முட்டை, அதைக் கொடுத்தவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் நான் அறியாத ஒரு பாட்டியின் வயிற்றிலும் என் மகள் சில மாதங்கள் இருந்திருக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது; அந்தப் பாட்டிக்குக் கண்ணாடி உண்டா என்று கேட்டாள்.

போன வாரம், தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த மாலையில், தோளைத் தேய்த்துக்கொண்டே என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"முட்டை குடுத்த அம்மாவுக்கும் ஊசி போட்டாங்களா?"

"ஆமாம், நிறைய."

"வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும். எனக்கும் போட்டாங்க, எனக்குத் தெரியும்."

"எங்கே?"

அவள் கையைப் பிடித்து, என் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தேன். சற்று நேரம் அங்கேயே விரலை வைத்திருந்துவிட்டு, இன்னொரு பக்கமும் போட்டார்களா என்று கேட்டாள். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று சொன்னேன்.

"அவங்களுக்கு யாரு ஐஸ் வெச்சு விட்டாங்க?"